அட்ரியாட்டிக் கரைக்கு மலிவான வழி: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் பதிவு செய்தால் விமானக் கட்டணம் குறையும் என்பதும், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் தேடினால் விலை ஏறாது என்பதும் பயணிகளிடையே வேரூன்றிய நம்பிக்கைகள். விமான நிறுவனங்கள் ஒரே வகுப்பு இருக்கைகளையே எழுத்துக் குறியீடுகளால் சுட்டப்படும் பல கட்டணப் பிரிவுகளாக வகுத்து, மலிவான பிரிவு விற்றுத் தீர்ந்ததும் அடுத்ததைத் திறப்பதால், கட்டணம் ஏறுவதற்குப் பெரும்பாலும் முந்திக்கொண்ட பிற பயணிகளே காரணம். வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் மாதமே முக்கியம்; ஜூலையும் ஆகஸ்டும் எந்த உத்திக்கும் இறங்கிவராத மாதங்கள்.

குளிர்காலத்தில் எல்லாம் மலிவு என்பதும் பாதி உண்மையே. குரோஷியாவின் துப்ரோவ்னிக், ஸ்பிளிட், ஜாதர் ஆகிய கடலோர நகரங்களுக்கான சேவைகளில் பல, மார்ச் இறுதியில் தொடங்கி அக்டோபர் இறுதியில் முடியும் கோடைக்கால அட்டவணைக்கு உரியவை. அதன் பின்னர் விடுதி வாடகை குறைந்தாலும் விமானங்களும் குறைந்துவிடுவதால், ஆண்டு முழுவதும் இயங்கும் ஜாக்ரெப் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் ஸ்பிளிட் செல்வதே அப்போது நடைமுறைக்கு ஏற்ற வழி. துப்ரோவ்னிக்குக்கு ரயில் பாதையே கிடையாது.

அண்டை நாட்டில் இறங்கினால் மிச்சமாகும் என்ற எண்ணமே இவை அனைத்திலும் ஆபத்தானது. வரைபடத்தில் பார்த்தால், மாண்டினீக்ரோவின் திவாத் விமான நிலையம் துப்ரோவ்னிக்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில்தான் உள்ளது. ஆனால் குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் உள் எல்லைச் சோதனையின்றிச் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இணைந்துவிட்டது. மாண்டினீக்ரோ, போஸ்னியா, அல்பேனியா ஆகியவை அதற்கு வெளியே இருக்கின்றன. ஆகவே ஒருமுறை நுழைவு விசா மட்டும் பெற்ற இந்தியக் குடிமகன் ஒருவர் துப்ரோவ்னிக்கிலிருந்து மாண்டினீக்ரோவின் கோத்தோருக்கோ போஸ்னியாவின் மோஸ்தாருக்கோ ஒரு நாள் சுற்றுலா சென்றால், அந்த விசா அங்கேயே தீர்ந்துபோய், மாலையில் தம் விடுதிக்குத் திரும்ப வழியின்றி நிற்பார். சுற்றுலா முகவர்கள் இதை எப்போதும் எடுத்துச் சொல்வதில்லை.

இதே காரணத்தால் ஸ்பிளிட்டில் இறங்கிச் சாலைவழியே துப்ரோவ்னிக் செல்வது சிறந்த மாற்றாகிறது. குரோஷியக் கடற்கரையை இரண்டாகத் துண்டிக்கும் நேயும் என்ற போஸ்னியக் கரைத்துண்டைக் கடந்துதான் முன்பு தரைவழியே துப்ரோவ்னிக்கை அடைய முடிந்தது. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறக்கப்பட்டபின், எல்லை தாண்டாமலே சாலைப் பயணம் இயலும். எனினும் ஏறும் பேருந்து பாலத்தின் வழியே செல்கிறதா என்று முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

கப்பல் பழங்காலத்து வழி, இன்று வீண் செலவு என்பாரும் உண்டு. இத்தாலியின் அன்கோனாவிலிருந்து ஸ்பிளிட்டுக்கும், பாரியிலிருந்து துப்ரோவ்னிக்குக்கும் செல்லும் கப்பல்கள் பெரும்பாலும் இரவில் கடலைக் கடப்பதால் ஓர் இரவின் விடுதி வாடகை மிச்சமாகிறது. இத்தாலியும் ஷெங்கன் நாடே என்பதால் விசாச் சிக்கலும் எழாது. தனி அறை கேட்டால் மட்டும் கணக்கு மாறிவிடும்.

இறுதியாக, இரு தனிச் சீட்டுகளும் ஒரே தொடர்ச்சீட்டும் சமம் என்ற தவறான கணக்கு. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாத நிலையில் இஸ்தான்புல் வரை ஒரு சீட்டும், அங்கிருந்து மலிவு விமானத்தில் மற்றொன்றும் வாங்குவோர், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது கைநழுவினால் அந்தச் சீட்டின் முழுப் பணத்தையும் இழக்க நேரிடும். மேலும் அந்நகரில் விமான நிலையங்கள் இரண்டு. ஆசியக் கரையிலுள்ள சபிஹா கோக்சென் நிலையத்துக்கு மாற வேண்டியவரும், பெட்டியைப் பெற்று மறுபடி ஒப்படைக்க வேண்டியவரும் துருக்கிக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்குத் தனி விசா வேண்டும். அந்த விசாவின் கட்டணத்தையும், இடையில் ஓர் இரவு தங்கும் செலவையும், பெட்டிக்கான கூடுதல் தொகையையும் சேர்த்துக் கூட்டிய பின்னரும் மிச்சம் காட்டும் தனிச்சீட்டுகள் மிகச் சிலவே.