ஒருபுறம் எரியும் அடுப்பு

‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது பழமொழி. ஊரார் பேச்சுக்கு அது பொருந்தலாம். அடுப்பறைக்கு வந்தால் அம்மொழியைச் சற்றே மாற்றிச் சொல்லவேண்டும். நெருப்புக் குறைந்த இடத்திலேதான் புகை மிகுகிறது. நன்கு எரியும் அடுப்பு மிகுதியாகப் புகைவதில்லை. மிகுதியாகப் புகையும் அடுப்பு நன்கு எரிவதில்லை. இவ்வுண்மையை உணர்ந்தவர் புகையைக் கண்டு சலிப்படையார். அதன் காரணத்தைத் தேடுவர்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. ஊரின் பெயரே அதனை அடுத்த ஏரிக்கும் வழங்குகிறது. ஒடிசாவிலுள்ள சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கோரைக்குப்பம் முதலிய சிற்றூர்களில் வாழும் மீனவர்கள் ஏரியையும் கடலையும் நம்பி வாழ்கின்றனர். வைகறையில் வலையுடன் புறப்படுவோர் உள்ள வீட்டில், விடியுமுன்னரே அடுப்பு மூட்டவேண்டியிருக்கும். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வாயிலாக நாடெங்கும் ஏழை இல்லங்கள் பலவற்றுக்கு எரிவாயு வந்தது. எனினும், உருளை தீர்ந்த நாளிலும், பெரும்பானை ஏற்றவேண்டிய நாளிலும் விறகடுப்பே கைகொடுக்கிறது.

அவ்வடுப்பு சில நாள்களில் ஒருபுறம் மட்டுமே எரியும். பானையின் ஒரு பக்கத்தில் சோறு அடிப்பிடிக்க, மறுபக்கத்தில் அரிசி வேகாது நிற்கும். ஊதாங்குழலை எடுத்து ஊதினால் தீ எழும்; குழலைக் கீழே வைத்தவுடன் அடங்கும். விறகு வீணாகும், கண் எரியும், இருமல் வரும். அருகே அமர்ந்திருக்கும் குழந்தையும் அப்புகையையே உட்கொள்ளும். வீட்டு அடுப்புகளின் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆதலின், அடுப்பைச் சீர்செய்தல் சிறு வேலை அன்று. உயிர் காக்கும் வேலை ஆகும்.

அடுப்பின் குறையை அறிவதற்கு முன், விறகு எரியும் முறையை அறிதல் வேண்டும். விறகு தீப்பட்டவுடன் எரிந்துவிடுவதில்லை. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. அடுத்து, வெப்பம் 200 டிகிரி செல்சியசைக் கடந்தபின், மரம் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடுகிறது. அவ்வாயுக்கள் காற்றுடன் கலந்து எரிவதே சுடர். வாயுக்கள் நீங்கியபின் எஞ்சுவது கரி; அது தணலாகக் கனன்று சாம்பலாகிறது. வாயுக்கள் முற்றும் எரிவதற்கு மிகுந்த வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமலே வெளியேறும். அதுவே புகை. எனவே, புகை என்பது எரியத் தவறிய விறகே எனலாம்.

அடுப்பு ஒருபுறம் எரிவதற்குரிய காரணங்களுள் முதலாவது விறகின் ஈரம். அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருத்தல் கூடும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் செலவாகிறது. அந்நீர் நீங்கும்வரை விறகின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஆகவே, உலர்ந்த விறகு இருக்கும் பக்கம் சுடர்விட, ஈர விறகு இருக்கும் பக்கம் புகைந்துகொண்டே இருக்கும். உலர்ந்த இரு விறகுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈர விறகு மந்தமாக ஒலிக்கும். எரியும்போது வெட்டுமுனையில் நுரைத்துச் சீறுவதும் ஈரத்தின் அடையாளமே.

கடலோர ஊர்களில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஏரியில் ஒதுங்கிய கட்டையையோ, பழுதான படகின் பலகையையோ வெயிலில் காயவைத்தால், மாலையில் அது நன்கு உலர்ந்ததுபோல் தோன்றும். ஆனால், காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடக்கும்போது உப்பு அவ்வீரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடலோரத்தில் இரவுக் காற்று அத்தகைய ஈரம் செறிந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். ஆதலின், மாலையில் உலர்ந்திருந்த கட்டை விடியலில் நனைந்திருக்கிறது. மேலும், உப்பேறிய மரத்தின் புகையில் தீங்கு பயக்கும் குளோரின் சேர்மங்கள் உண்டாகின்றன. படகுப் பலகையில் பூசிய வண்ணமும் நஞ்சாகும். இவற்றைச் சமையலுக்குப் பயன்படுத்தாமல் விடுவதே அறிவுடைமை. மணற்பாங்கான நிலத்தில் விளையும் சவுக்கும், கரம்பில் மண்டும் சீமைக்கருவேலும் நன்கு உலர்ந்திருப்பின் சீராக எரியும். அவற்றைத் தரையில் குவியாமல், கல்மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விடுதல் வேண்டும்.

இரண்டாவது காரணம் விறகை இடும் முறை. சவுக்கு மிலாறு நொடியில் பற்றி நொடியில் அணையும். பருத்த கட்டை பற்றவும் நேரமாகும், அணையவும் நேரமாகும். இவை இரண்டையும் பக்கத்திற்கு ஒன்றாக இட்டால் தீ எவ்வாறு சமமாக இருக்கும்? மணிக்கட்டின் பருமனுக்கு மேற்படாதவாறு விறகைப் பிளந்து, ஒத்த அளவுடையனவாக இடவேண்டும். விறகின் முனைகள் பானையின் நடுவடியில் கூடவேண்டும். முனை எரிய எரிய விறகைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளவேண்டும். மிகுதியாக எரியவேண்டும் என்று அடுப்பின் வாயை விறகால் அடைப்பது, உண்பவனின் மூச்சை அடைத்துக்கொண்டு ஊட்டுவது போன்றதாகும். வாயில் மூன்றில் ஒரு பங்கேனும் காற்றுக்குத் திறந்திருத்தல் நன்று.

மூன்றாவது காரணம் சாம்பல். நேற்றைய சாம்பலின்மேல் இன்றைய விறகைக் கிடத்தினால், விறகின் அடியில் காற்றுப் புகாது. மேற்புறம் எரிய, அடிப்புறம் புகையும். ஆறிய சாம்பலை நாள்தோறும் அள்ளிவிட்டு, உள்ளே இரண்டு செங்கல் துண்டுகளையோ இரும்புக் கம்பிகளையோ வைத்து, அவற்றின்மேல் விறகை இட்டால், கீழிருந்து எழும் காற்று இருபுறமும் சமமாகப் பரவும்.

நான்காவது காரணம் வீசும் காற்று. பழவேற்காட்டில் பகலில் கடற்காற்றுக் கிழக்கிலிருந்து வீசும். இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து வீசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று ஓங்கும். அடுப்பின் வாய்க்கு நேரே அடிக்கும் காற்று சுடரைப் பின்புறமாகத் தள்ளுகிறது. அதனைக் குளிரவும் செய்கிறது. காற்றுக் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. காலையில் நேராக எரிந்த அடுப்பு பிற்பகலில் சாய்ந்து எரியுமாயின், குற்றம் விறகினுடையது அன்று, காற்றினுடையது. காற்று வரும் பக்கத்தில் செங்கல்லாலோ தகரத்தாலோ ஒரு மறைப்பு வைத்தால் போதும். ஓலை மறைப்பு ஆகாது. அது தீக்கு இரையாகும்.

ஐந்தாவது காரணம் அடுப்பின் உருவம். மண்ணடுப்பில் பானையைத் தாங்கும் குமிழ்கள் மூன்று உண்டு. அவற்றுள் ஒன்று தேய்ந்தால் பானை சாயும். எதிர்ப்புறத்தில் அகன்ற இடைவெளியின் வழியே சுடர் வெளியேறும். பானையில் சிறிதளவு நீரை ஊற்றி அடுப்பில் வைத்துப் பார்த்தால், அது ஒருபக்கம் ஒதுங்குவதிலிருந்து சாய்வை அறியலாம். பானையின் அடியில் எப்பக்கம் கரி மிகுதியாகப் படிந்துள்ளதோ, அப்பக்கம் தீ நன்கு எரியவில்லை என்பது பொருள். குமிழைப் புதுப்பிக்கும்போது ஏரிச் சேற்றைப் பூசலாகாது. உப்பு ஊறிய மண் காய்ந்தபின் பொருக்குவிட்டு உதிரும். நன்னீர்க் குளத்துக் களிமண்ணோடு உமியைக் கலந்து பூசுதல் ஏற்றது.

இவ்வைந்து காரணங்களையும் ஒருங்கே திருத்த முற்பட்டால், குறை எதுவென்று தெரியாமற் போகும். இன்று விறகை மட்டும் மாற்றவேண்டும். தீ சீராகாவிடின், நாளை சாம்பலை அகற்றிப் பார்க்கவேண்டும். பின்னர் மறைப்பை வைத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றாக மாற்றி விளைவை நோக்கும் இம்முறையே ஆய்வுக்கூடத்தில் அறிவியலறிஞர் கையாளும் முறையுமாகும்.

அடுப்பு அறிஞரின் கருத்துக்கு உரியதா என்று ஐயுறவேண்டியதில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியலறிஞர் எஸ். பி. ராஜு புகையில்லாச் சமையலறை குறித்து ஆராய்ந்து, 1953-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில், சிற்றூர்களுக்கேற்ற தொழில்நுட்பங்களை உருவாக்க 1974-இல் தோன்றிய ‘அஸ்த்ரா’ என்னும் பிரிவு, விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்பை அமைத்தது. 1983-இல் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புகளைப் பரப்பும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அது 2002 வரை நடைபெற்றது. கோடிக்கணக்கில் அடுப்புகள் அமைக்கப்பட்டபோதிலும், பழுதுபார்க்க அறிந்தவர் அருகில் இல்லாத இடங்களில் பல அடுப்புகள் விரைவிலேயே கைவிடப்பட்டன. அடுப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதன் இயல்பை அறியும் அறிவையும் கொடுக்கவேண்டும் என்பது அதனால் விளங்கிற்று.

அடுப்பு எத்துணைச் செம்மையாக எரியினும், அதன் புகை முற்றும் நீங்குவதில்லை. ஆதலின், சமைக்குமிடத்தில் புகை வெளியேற வழி இருத்தல் இன்றியமையாதது. எரியாத விறகின்மேல் மண்ணெண்ணெயை ஊற்றுதல் உயிருக்கே ஊறு விளைக்கும். கனலும் தணலை மூடிய அறையில் வைத்து உறங்குதலும் கூடாது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு அதிலிருந்து எழும். இயன்ற இல்லங்கள் எரிவாயுவைக் கைக்கொள்வதே உடல் நலத்திற்கு உகந்தது.

தாயும் தமக்கையும் புகைக்கு நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுவதை விதி என்று எண்ணுதல் தவறு. விறகு உலர்ந்ததா, அளவாக இடப்பட்டதா, சாம்பல் நீங்கியதா, காற்று நேரே அடிக்கிறதா, பானை சமமாக நிற்கிறதா என்னும் ஐந்து வினாக்களை இளைஞர் எவரும் கேட்கலாம்; விறகைப் பிளக்கவும் சாம்பலை அள்ளவும் அவர்தம் கைகளே போதும். அவ்வாறு செய்யும் வீட்டில் விறகு மிஞ்சும். சோறு பதமாக வேகும். அடுப்பருகே இருப்போரின் மூச்சும் சற்றே எளிதாகும்.