பதினெட்டு வயசுக்கு அப்புறம்?

செரிப்ரல் பால்சி, அதாவது பெருமூளை வாதம்னு சொன்னாலே நமக்கு ஒரு சின்னக் குழந்தைதான் ஞாபகம் வரும். அந்தக் குழந்தையும் வளர்ந்து நம்ம வயசுக்கு வரும், நாற்பதையும் தாண்டும். சட்டப்படி இலவசக் கல்வி உரிமை 18 வயது வரைதான். அதுக்கப்புறம்?

அடிப்படை

வளரும் மூளையில், பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ ஏற்படும் பாதிப்பு இது. தொற்றாது. மூளையின் பாதிப்பு அதிகமாகாது. ஆனால் தசை இறுக்கம், மூட்டு வலி, சோர்வு எல்லாம் வயதோடு கூடலாம். பேச்சு தெளிவாக இல்லை என்பதால் அறிவு குறைவு என்று நினைப்பது தப்பு.

கேட்டதால் கிடைத்தவை

1. பள்ளி: மகள் மாலினிக்காக மிது அலூர் 1972-இல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். 1985-இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். நம்ம புதுச்சேரியில் சத்யா சிறப்புப் பள்ளி இருக்கிறது.

2. பாதுகாப்பு: "எங்களுக்குப் பிறகு யார் பார்த்துப்பாங்க?" இது பெற்றோரின் தீராத கவலை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தேவைப்படும் பெரியவர்களுக்கும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். நிராமயா திட்டத்தில் ரூ.1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு.

3. மரியாதை: 2012-இல் கொல்கத்தாவில் ஜீஜா கோஷை விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவருக்குப் பெருமூளை வாதம் உண்டு. மும்பை சொசைட்டியின் இன்றைய வடிவமான அடாப்ட் அமைப்போடு சேர்ந்து வழக்குப் போட்டார். 2016-இல் உச்ச நீதிமன்றம் ரூ.10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது.

4. படிப்பு, வேலை: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4%, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5% இடஒதுக்கீடு.

இன்ஜினியர் என்ன செய்யலாம்?

சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகருடன் சேர்ந்து 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். படங்களைத் தேர்ந்தெடுத்தால் அது வாக்கியமாக்கிப் பேசும். பயன்படுத்தப் போகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்ததுதான் அதன் பலம்.

நம்மால் இன்றே முடிந்தது ஒன்று. சாய்தளத்தின் சரிவு 1:12 இருக்கணும். 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். மாலையில் வண்டி ஓடாத பீச் ரோட்டில் வீல்சேர் தாராளமாகப் போகும். பக்கத்துத் தெரு கடை வாசலின் ஒரே ஒரு படியில் நின்றுவிடும். நம்ம லேப், கேன்டீன், டாய்லெட் வாசலில்? டேப் எடுத்து அளங்க. வீல்சேரில் வரும் ஒருவரையும் கூப்பிட்டு, அவர் சொல்வதையும் குறிச்சுக்கோங்க. அந்த அளவுகளோடு முதல்வருக்கு ஒரு மனு கொடுங்க. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களின் வளாகம் எல்லோரும் அணுகும்படி இருக்கணும்னு 2016 சட்டமே சொல்லுது. அதனால சலுகையா கேட்க வேண்டாம், உரிமையாவே கேளுங்க.