துப்பறிவாளர் எங்கே போனார்?

கேள்வி: கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா போன்றவர்கள் இன்றைய வெப் சீரிஸ்களில் ஏன் இல்லை? தமிழ்க் குற்றக்கதை தரம் இறங்கிவிட்டதா?
- வாசகர், கனகசெட்டிக்குளம், புதுச்சேரி

பதில்: இறங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. கணேஷ்-வசந்தை சுஜாதாவும், பரத்-சுசீலாவைப் பட்டுக்கோட்டை பிரபாகரும் எழுதிய காலத்தில் வாசகரை இழுத்தது துப்பறிபவரின் சாமர்த்தியம். ஊர் பெரும்பாலும் பின்னணித் திரைதான். 2022-இல் வந்த மூன்று தொடர்களைப் பாருங்கள். 'விலங்கு' திருச்சிப் பக்கத்துக் காவல் நிலையத்தின் அன்றாடத்தில் ஊறியிருக்கிறது. 'சுழல்' மயானக்கொள்ளைத் திருவிழாவோடு பின்னப்பட்டிருக்கிறது. 'வதந்தி'யோ குமரி மாவட்டத்தையும், இறந்த பெண்ணைப் பற்றி ஊர் கட்டிய கதைகளையும் விசாரிக்கிறது. இவற்றில் குற்றவாளி யார் என்பதைவிட, அந்தக் குற்றத்துக்கு இடம் கொடுத்த ஊர் எது என்பதே பெரிய கேள்வி. உங்கள் ஊர் பக்கம் பிரெஞ்சு வாசனை உண்டென்பதால் சொல்கிறேன்: பிரெஞ்சில் எழுதிய சிமெனோனின் கதாநாயகர் மெக்ரே, 1930-களிலேயே குற்றத்தோடு ஊரையும் விசாரித்த போலீஸ்காரர்.

இழுவையாக இருக்கிறதே என்பீர்கள். நியாயம்தான்; 'வதந்தி'யின் எட்டு அத்தியாயங்களில் இரண்டைத் தாராளமாக வெட்டலாம். ஒரே மூச்சில் முடியும் பாக்கெட் நாவலின் சிக்கனம் இந்தத் தொடர்களை எடுப்பவர்களுக்கு இன்னும் கைவரவில்லை. ஆனால் அது எடிட்டிங் குறை, கற்பனை வறட்சி அல்ல. 'விலங்கு' ஏழே அத்தியாயம், அதிலிருந்து தொடங்குங்கள்.