பெயர் சொன்னால் வழி பிறக்கும்

நுழையும்முன்

மனிதருக்குப் பெயர் நினைவில் நிற்கும். கணினிக்கோ எண்ணே வழிகாட்டி. இவ்விரண்டையும் இணைத்துவைக்கும் களப்பெயர் முறைமை, நாம் காணாத இடத்தில் ஒவ்வொரு நொடியும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அது தோன்றிய வரலாற்றையும் இயங்கும் முறையையும் அதனை அமைக்கும் வகையையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

ஒரே பட்டியல்

இணையத்தில் இணைந்த கணினி ஒவ்வொன்றுக்கும் ஐபி முகவரி என்னும் எண் உண்டு. 192.0.2.10 என்பது போன்ற அவ்வெண்ணைக் கொண்டே தரவு உரிய இடத்தை அடைகிறது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அக்கோப்பைப் பேணிவந்தது. புதிய கணினியை இணைப்போர் அம்மையத்துக்குத் தெரிவிப்பர். பிற நிலையங்கள் திருத்திய கோப்பை அவ்வப்போது படியெடுத்துக்கொள்ளும்.

கணினிகள் பெருகப் பெருக இம்முறை தளர்ந்தது. கோப்பு நீண்டது, படிகள் ஒன்றோடொன்று மாறுபட்டன, ஒரே பெயரை இருவர் விரும்பும் சிக்கலும் எழுந்தது. இதற்குத் தீர்வாக 1983ஆம் ஆண்டு பால் மொக்காபெட்ரிஸ் களப்பெயர் முறைமையை வடிவமைத்தார். முழுப் பட்டியலையும் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் பகுதியை மட்டும் பேணி, பிறவற்றுக்கு உரியவரைச் சுட்டினால் போதும் என்பதே அவ்வடிவமைப்பின் அடிப்படை.

தலைகீழ் மரம்

களப்பெயர்களின் அமைப்பு, வேர் மேலாகவும் கிளைகள் கீழாகவும் அமைந்த மரத்தை ஒத்தது. பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால் இது விளங்கும். 'நம்பள்ளி.இந்தியா' என்னும் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இதன் வலக்கோடியில், நாம் வழக்கமாக எழுதாமல் விடும் ஒரு புள்ளி உண்டு. அதுவே வேரைக் குறிக்கிறது. அதனையடுத்து 'இந்தியா' என்னும் உயர்நிலைக் களமும், அதன்கீழ் 'நம்பள்ளி' என்னும் களமும் அமைகின்றன.

தெரிந்து தெளிவோம்

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே உயர்நிலைக் களங்களாக உள்ளன. களப்பெயர் முறைமை உரோமன் எழுத்துகளைக் கொண்டு உருவானதாகையால், தமிழ்ப் பெயர்கள் 'எக்ஸ்என்' என்னும் எழுத்துகளுடனும் இரு சிறுகோடுகளுடனும் தொடங்கும் உரோமன் வடிவத்துக்கு மாற்றப்பட்டே சேவையகங்களுக்கு அனுப்பப்படுகின்றன.

ஒரு வினாவின் பயணம்

மாணவி ஒருத்தி தன் உலாவியில் 'நம்பள்ளி.இந்தியா' எனத் தட்டச்சு செய்கிறாள். அவ்வினா முதலில், இணையச் சேவை வழங்கும் நிறுவனத்தின் வினவு சேவையகத்தை அடைகிறது. விடை அதனிடம் இல்லையெனில், அது வேர்ச் சேவையகத்தை வினவும். வேர்ச் சேவையகங்கள் ஏ முதல் எம் வரையிலான 13 பெயர்களில் அமைந்து, உலகெங்கும் பல படிகளாக இயங்குகின்றன. வேர்ச் சேவையகம் பள்ளியின் முகவரியை அறியாது. 'இந்தியா' களத்தைப் பேணும் சேவையகத்தை மட்டும் சுட்டும். அச்சேவையகம், பள்ளிக்குரிய பெயர்ச் சேவையகத்தைச் சுட்டும். இறுதியாகப் பள்ளியின் சேவையகமே ஐபி முகவரியைத் தருகிறது.

கிடைத்த விடையை வினவு சேவையகம் சில காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். எத்துணைக் காலம் என்பதை அவ்விடையோடு வரும் 'வாழ்நாள்' என்னும் எண் நொடிகளில் குறிக்கிறது. 3600 எனில் ஒரு மணி நேரம். 86400 எனில் ஒரு நாள்.

அமைக்கும் முறை

முதலில் களப்பெயரைப் பதிவு நிறுவனத்தின்வழிப் பதிந்து, அதற்குரிய பெயர்ச் சேவையகங்களைக் குறிப்பிட வேண்டும். ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று விடையளிக்கும் வகையில், குறைந்தது இரண்டு சேவையகங்களை வெவ்வேறு இடங்களில் அமைத்தல் நன்று. சேவையகத்தின் பெயர் அதே களத்தினுள் அடங்கியதாயின், அதன் ஐபி முகவரியையும் மேல்நிலையில் பதிதல் வேண்டும். அவ்வாறு பதியாவிடில், சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதையாகிவிடும்.

அடுத்து, நிலையான ஐபி முகவரி கொண்ட கணினியில் 'பைண்டு' போன்ற மென்பொருளை நிறுவி, 53ஆம் எண் துறையைத் திறந்துவைக்க வேண்டும். பின்னர் மண்டலக் கோப்பை எழுத வேண்டும். அதில் எஸ்ஓஏ பதிவு, கோப்பின் வரிசை எண்ணையும் பொறுப்பாளரையும் குறிக்கும். என்எஸ் பதிவு பெயர்ச் சேவையகங்களைச் சுட்டும். ஏ பதிவு பெயருக்குரிய ஐபி முகவரியைத் தரும். எம்எக்ஸ் பதிவு மின்னஞ்சல் செல்ல வேண்டிய இடத்தைக் காட்டும்.

இக்கோப்பில் ஒரு புள்ளியும் பொருளுடையது. முழுப்பெயரின் இறுதியில் வேரைக் குறிக்கும் புள்ளியை இட மறந்தால், சேவையகம் களத்தின் பெயரை மீண்டும் ஒருமுறை சேர்த்துக்கொள்ளும். 'நம்பள்ளி.இந்தியா' என்பது 'நம்பள்ளி.இந்தியா.நம்பள்ளி.இந்தியா' ஆகிவிடும், இல்லாத ஊருக்கு வழி சொன்னது போலாகும். கோப்பைத் திருத்தும்போதெல்லாம் வரிசை எண்ணையும் உயர்த்த வேண்டும். உயர்த்தாவிடில் துணைச் சேவையகம் பழைய விடையையே கூறிக்கொண்டிருக்கும்.

வழி அடைபட்ட நாள்

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட கட்டளையொன்று, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பைத் துண்டித்தது. மையங்களைத் தொடர்புகொள்ள இயலாத பெயர்ச் சேவையகங்கள், தம்மை அடைவதற்கான வழித்தட அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன. அவை பழுதின்றி இயங்கியபோதும், அவற்றை அடைய வழியில்லை. பெயர் இருந்தது, அதற்கு விடை சொல்வார் இல்லை. பெயர்ச் சேவையகங்கள் அனைத்தையும் ஒரே வலையமைப்பின் பொறுப்பில் விடுவது எத்துணை இடருடையது என்பதை அந்நாள் உணர்த்தியது.

தான் அறிந்ததைப் பிழையின்றிச் சொல்லுதல். அறியாததற்கு அறிந்தவரைச் சுட்டுதல். களப்பெயர் முறைமை இவ்விரு கடமைகளின்மேல் நிற்கிறது. பள்ளியொன்றின் சிறு சேவையகத்தை அமைப்பவரும் அக்கடமைகளில் பங்கேற்கிறார். அவர் இடும் ஒரு புள்ளியை நம்பியே, எங்கோ ஒருவர் அப்பள்ளியின் வாயிலைத் தேடி வருகிறார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கணினியில் 'என்எஸ்லுக்அப்' கட்டளையைப் பயன்படுத்தி, மூன்று இணையதளங்களின் ஐபி முகவரிகளைக் கண்டறிந்து எழுதுக.
2. மாணவர் நால்வர் வினவு சேவையகம், வேர்ச் சேவையகம், உயர்நிலைக் களச் சேவையகம், பள்ளிச் சேவையகம் ஆகியவையாக நின்று, ஒரு வினாவின் பயணத்தை வகுப்பில் நடித்துக் காட்டுக.
3. சேவையகத்தின் ஐபி முகவரியை மாற்றுவதற்கு முன்பே வாழ்நாள் எண்ணைக் குறைத்துவைப்பதால் விளையும் நன்மை குறித்துக் கலந்துரையாடுக.