பத்மாசனம் வராதவர்க்கும் யோகம் உண்டு

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பரில் ஜூன் 21-ஆம் தேதியைச் சர்வதேச யோக தினமாக அறிவித்த பின்னர், ஆண்டுதோறும் அந்த நாளில் பள்ளி மைதானங்களில் வரிசை வரிசையாக விரிப்புகள் விரிக்கப்படுவதும், மறுநாள் அவை சுருட்டி வைக்கப்படுவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் யோகத்தைப் பற்றிக் கேள்விப்படாத வீடு இராது. வீட்டிலேயே ஒரு மூலையில் அமர்ந்து அப்பியாசத்தைத் தொடங்கியவர்களோ சிலரே. காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. யோகத்தைச் சுற்றி வளர்ந்துவிட்ட தவறான நம்பிக்கைகள் சிலரை வாசற்படியிலேயே நிறுத்திவிடுகின்றன, வேறு சிலரை அளவு மீறி உள்ளே தள்ளிவிடுகின்றன என்பதே மெய்.

நம்பிக்கை: “நாளெல்லாம் குனிஞ்சு நிமிர்றவளுக்கு யோகா எதுக்கு?”

உண்மை: உழைப்பு வேறு, அப்பியாசம் வேறு. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயக் காட்டில் களைக்கொத்தும் கையுமாகக் காலையில் இறங்கும் பெண்ணையும், ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்பில் உதிர்ந்த பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்துக் கூடையில் போட்டபடியே நகரும் பெண்ணையும் சற்று நேரம் கவனித்தால், அவர்களுடைய முதுகு மணிக்கணக்கில் முன்னோக்கி மட்டுமே வளைந்திருப்பதைக் காணலாம். அவ்வாறு நெடுநேரம் குனிந்திருக்கையில் முதுகின் தசைகளும் நார்களும் இழுபட்டுச் சோர, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின்மேல் பாரம் கூடுகிறது. மார்பு ஒடுங்குவதால் சுவாசமும் மேலோட்டமாகிவிடுகிறது. ஆகவே அன்றாட வேலை உடம்பை எந்தப் பக்கம் வளைத்ததோ, அதற்கு மறுபக்கம் மெல்ல விரித்துக்கொடுக்கும் பரிகாரமே இத்தகையோர்க்கு யோகம். குப்புறப் படுத்து இளைப்பாறும் மகராசனம், முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் சற்றே உயர்த்தும் பாதிப் புஜங்காசனம், மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களை நாற்காலியின்மேல் தூக்கி வைத்திருத்தல் ஆகிய மூன்றும் மாலையில் பத்து நிமிஷம் போதும். கால்விரலைத் தொடும் பாதஹஸ்தாசனத்தை இவர்களுக்கு முதற்பாடமாக வைப்பது, குனிந்து களைத்த முதுகை மறுபடியும் குனியச் சொல்வதாகும்.

கடைக் கல்லாவிலும் சிமெண்ட் லாரியின் ஓட்டுநர் இருக்கையிலும் பொழுதைக் கழிப்பவர்க்கு விதி வேறு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிதானமான ஆசனங்கள் மட்டும் அந்தக் கணக்கை ஈடுகட்டமாட்டா. அவர்கள் ஆசனத்தோடு வேகநடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: பத்மாசனம் வராத உடம்புக்கு யோகம் வராது.

உண்மை: பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறக்குறைய இருநூறு இருக்க, அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே, அவையும் இருக்கை அசையாமலும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்று கேட்கின்றனவேயன்றி, எந்தக் காலை எங்கே மடிப்பது என்று விதிக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்களும் பதினைந்துதாம். இதற்குப் பிரத்தியட்ச சாட்சி தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம், பெரம்பலூர் மாவட்டத்து ஒகளூர் முதலிய ஊர்களிலும் பழைய புத்தர் சிலைகள் உண்டு. சோழநாட்டுப் புத்தர்கள் பெரும்பாலும், இரு பாதங்களையும் தொடைகளின்மேல் பூட்டிக்கொள்ளாமல், ஒரு காலின்மேல் மறுகாலை இலேசாக வைத்தபடி அமர்ந்தே தியானத்தில் இருக்கிறார்கள். யோக நரசிம்மர் திருவுருவங்களில் முழங்கால்களைச் சுற்றிக் கட்டிய யோகப்பட்டத்தைக் காண்கிறோம். தெய்வத்துக்கே ஒரு கச்சையைத் துணை கொடுத்தான் சிற்பி. அப்படியிருக்க, முட்டி வலியுள்ள பெரியவர் மடித்த போர்வையின்மேல் இடுப்பை உயர்த்தி அமர்வதிலோ, சுவரில் சாய்ந்துகொள்வதிலோ, நாற்காலியிலேயே அமர்வதிலோ என்ன குறை? தசை இழுபடுவது இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தினால் அக்கணமே காலைப் பிரித்துவிட வேண்டும்.

நம்பிக்கை: குருவின்றி வீட்டில் யோகம் தொடங்கவே கூடாது.

உண்மை: இதில் பாதி மெய். சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும், அவர் பெயரால் 1976-இல் யோக மந்திரம் நிறுவிய அவருடைய புதல்வர் தேசிகாசாரும் வற்புறுத்திய நெறி, ஆசனம் ஆளுக்கேற்ப அமையவேண்டும் என்பதே. ஆளைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது அதிலிருந்தே பெறப்படும். ஆனால் கைப்பயிற்சி, கால்பயிற்சி என்று குடும்பஸ்தர்கள் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய முறையை வகுத்தவர் வேதாத்திரி மகரிஷி. அதைக் கற்பிக்கும் மனவளக்கலை மன்றங்கள் தமிழகமெங்கும் உள்ளன. பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவும் இயங்குகிறது. சில வகுப்புகள் நேரில் கற்று, பிறகு வீட்டில் தொடர்வதே உத்தமம். கைப்பேசியில் பார்த்துச் செய்யும் அப்பியாசத்தில், நம் முதுகு கோணியிருப்பதைத் திரையிலுள்ளவர் காணமுடியாது.

நம்பிக்கை: எவ்வளவு வேகமாக மூச்சை இழுத்து விடுகிறோமோ, அவ்வளவு பிராணவாயு உடம்பில் ஏறும்.

உண்மை: ஆரோக்கியமுள்ள ஒருவர் சாதாரணமாகச் சுவாசிக்கும்போதே அவருடைய இரத்தத்தில் பிராணவாயு நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் நிறைந்துதான் இருக்கிறது, மேலும் ஏற்ற இடம் அதிகமில்லை. வேகவேகமாக மூச்சுவிடுகையில் நேர்வது வேறு: கரியமிலவாயு மிகுதியாக வெளியேற, மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சுருங்கி, தலை கிறுகிறுக்கிறது. அந்தக் கிறுகிறுப்பையே குண்டலினி விழித்துக்கொண்டதாக எண்ணி மகிழ்பவர்களும் உண்டு! பிராணாயாமத்தின் பலன் நிதானத்தில் இருக்கிறது. நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விட்டால், நீண்ட அந்த நிசுவாசத்தின்போது இதயத்துடிப்பு தணிகிறது. தொடங்குவோர்க்கு ஐந்து நிமிஷம் போதும். மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகத்தைக் கர்ப்பிணிகளும், இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களும் விலக்கவேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்து வீடாயின், தெருத்திண்ணையைத் தவிர்த்துப் புழக்கடைப் பக்கம் அமர்வது நலம்.

நம்பிக்கை: பிரம்ம முகூர்த்தம், வெறும் வயிறு, விலையுயர்ந்த விரிப்பு ஆகிய மூன்றும் இன்றி யோகம் இல்லை.

உண்மை: கோடையில் வெயில் நாற்பது டிகிரியை எட்டும் இவ்வூர்களில் விடியற்காலை சுகமானது என்பது உண்மையே, மாலையில் செய்வதால் பலன் குறைவதில்லை. முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று, நான்கு மணி நேரம் கழியட்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், வெறும் வயிற்றோடு நெடுநேரம் செய்யாமல், வைத்தியரைக் கேட்டு நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். விரிப்புக்கு ஜமுக்காளமே போதும். வழவழப்பான டைல்ஸ் தரையில் அது வழுக்குமாதலால், நின்று செய்யும் ஆசனங்களை வெறுங்காலோடு தரையிலேயே செய்யலாம்.

நம்பிக்கை: தலைகீழாக நின்றால்தான் யோகம் பூர்த்தியாகும்.

உண்மை: சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இருமடங்காக உயர்வதைச் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கண் நீரழுத்த நோயுள்ளவர்களுக்கு இது அபாயம். அந்த நோயோ தொடக்கத்தில் வலியின்றி வளர்வதால், தமக்கு இருப்பதை அறியாதவர் பலர். கழுத்தின்மேல் விழும் பாரம் தனி. தொடங்குபவர் இவ்வாசனத்தைத் தொடவே வேண்டாம்.

நம்பிக்கை: யோகம் செய்பவருக்கு மருந்து வேண்டாம்.

உண்மை: எல்லாவற்றினும் கேடு விளைவிப்பது இதுவே. முறையான அப்பியாசம் இரத்த அழுத்தத்தை ஓரளவு தணிக்கக்கூடும். மனக்கலக்கத்தையும் நாட்பட்ட இடுப்பு வலியையும் குறைக்கக்கூடும். ஆனால் அளவீடு இறங்கியதைக் கண்டு, மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியவர் வைத்தியரே. நோயாளி தாமாக நிறுத்தினால், ஓசையின்றி ஏறும் அழுத்தம் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம்.

ஆகவே தொடங்குவோர் தம்மை அளந்துகொள்ளும் கோல் ஒன்றே போதும்: ஆசனத்தில் இருக்கும்போது மூச்சு தடைப்படாமல் ஓடவேண்டும், மறுநாள் காட்டுக்கோ கடைக்கோ போக உடம்பு மறுக்கலாகாது. இரண்டில் ஒன்று தவறினாலும், அடுத்த நாள் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்பியாசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.