கடைசல் உளியும் செப்பு உருளையும்

நுழையும்முன்

விளையாட்டு மகிழுந்திலும் சமையலறை மிக்சியிலும் துளையிடும் கருவியிலும் தூரிகை உள்ள மின்மோட்டாரே சுழல்கிறது. அது வலுவிழக்கும்போது, பழுது பெரும்பாலும் ஒரு சிறு செப்பு உருளையில் இருக்கிறது. அவ்வுருளையைச் சிறிய கடைசல் எந்திரத்தால் செப்பனிடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கள்ளக்குறிச்சி உளிக்குப் பெயர்பெற்ற ஊர். அதன் மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. சிற்பி மரத்தை நிறுத்திவைத்து உளியை நகர்த்துகிறார்; கடைசல்காரரோ உளியை நிலைநிறுத்தி மரத்தைச் சுழற்றுகிறார். கட்டில் கால்களும் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளும் இவ்வாறு பிறந்தவை. தயிர் கடைதல், மரம் கடைதல் இரண்டையும் ஒரே வினையால் குறித்த தமிழர், சுழற்சியே இரண்டிற்கும் பொது என்பதை உணர்ந்திருந்தனர் போலும். மரத்தின் இடத்தில் செம்பை வைத்தால், நம் பாடத்தின் கடைசல் தொடங்குகிறது.

தூரிகை மோட்டாரின் நடுவில் கம்பிச்சுருள்கள் சுற்றிய ஆர்மேச்சர் உண்டு. அதன் தண்டில் செப்புத் துண்டுகளால் ஆன திசைமாற்றி பொருந்தியிருக்கும். சிறிய மோட்டார்களில் பெரும்பாலும் மூன்றே துண்டுகள். மிக்சியில் அவை பல. இருபுறமும் கரித்தூரிகைகள் வில்லின் அழுத்தத்தால் செம்பை உரசி, மின்னோட்டத்தைச் சுருளுக்குள் செலுத்துகின்றன. பட்டறைகளில் இத்தூரிகையைக் ‘கார்பன்’ என்றே அழைப்பர். ஒரு துண்டிலிருந்து மறு துண்டிற்குத் தூரிகை மாறும் ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தின் திசை மாறுகிறது. அப்போது சிறு பொறியும் எழுகிறது. பொறி செம்பை அரிக்கிறது. அரிப்பால் உருளை வட்டத்தன்மையை இழக்கிறது. மேடுபள்ளத்தில் தூரிகை துள்ளுகிறது. துள்ளலால் பொறி இன்னும் பெரிதாகிறது. புதிய தூரிகை மட்டும் மாற்றிய மோட்டார் சில நாள்களில் மீண்டும் ஓய்வதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மிக்சி வழங்கும் திட்டம், இவ்வகை மோட்டாரை எண்ணற்ற வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. கல்வராயன் மலையின் சிற்றூர் ஒன்றில் மிக்சி நின்றுபோனால், அதைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டும். இல்லையேல் அம்மியை நாட வேண்டும். ஆகவே, பழுது எங்கே என்று அறிவது அங்கே வீட்டு வேலையைக் குறைக்கும் செய்தி.

மாதிரி மகிழுந்துகளை ஓட்டுவோர் பயன்படுத்தும் கடைசல் எந்திரம் ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும். ஆர்மேச்சரின் தண்டு ‘வி’ வடிவத் தாங்கிகளின்மேல் கிடக்க, ஒரு ரப்பர் வளையம் அதைச் சுழற்றுகிறது. தண்டு தன் அச்சிலேயே சுழல்வதால், வெட்டப்படும் வட்டமும் அந்த அச்சிற்கே பொருந்துகிறது. முதலில் செம்பின்மேல் மை பூச வேண்டும். உளி மெல்லத் தொட்டதும் மேடுகளில் மை மறையும். பள்ளங்களில் எஞ்சி நிற்கும். மை முழுதும் மறையும் வரை மட்டுமே வெட்ட வேண்டும். அதற்குமேல் ஓர் இழையும் வீண்.

ஏன் இத்தனை சிக்கனம்? மாதிரி மகிழுந்துகளின் மோட்டாரில் புதிய உருளையின் விட்டம் ஏறத்தாழ 7.5 மில்லிமீட்டர். அது 7 மில்லிமீட்டர் அளவிற்கு இறங்கினால் மோட்டாரின் ஆயுள் முடிவை நெருங்குகிறது. ஒரு வெட்டு 0.02 மில்லிமீட்டர் ஆழம் சென்றால், விட்டத்தில் 0.04 குறையும், ஆகப் பன்னிரண்டு வெட்டுகளில் இருப்பு தீர்ந்துவிடும். மோட்டாருக்கு உயிரூட்டும் உளியே அதன் வாழ்நாளையும் செலவழிக்கிறது. காப்பி நிறத்தில் வழவழப்பாக இருக்கும் உருளையைத் தொடவே கூடாது. அந்நிறம் அழுக்கன்று, தேய்மானத்தைக் குறைக்கும் மெல்லிய படலம். பளபளப்பின்மீது கொண்ட ஆசையால் நல்ல செம்பைச் சுரண்டிவிடுவது தொடக்கநிலையினர் பலர் செய்யும் பிழை.

கடைந்தபின் துண்டுகளுக்கிடையே உள்ள இடைவெளிகளில் செப்புத் துகள் தங்கக்கூடும். அது இரு துண்டுகளை இணைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கும். எனவே மெல்லிய ஊசியால் நீக்கித் தூய்மை செய்ய வேண்டும். புதிய தூரிகை பொருத்தியதும் சுமையின்றிக் குறைந்த மின்னழுத்தத்தில் சிறிது நேரம் ஓடவிட்டால், அதன் முனை உருளையின் வளைவிற்கேற்பப் படியும். துகள் தெறிக்கும் பணி என்பதால் கண்ணாடி அணிவது கட்டாயம். காந்தம் வலுவிழந்தாலோ சுருள் கருகினாலோ கடைசல் உதவாது. மலிவான பொம்மை மோட்டார்கள் பல, திறக்கவே இயலாதபடி மடித்து மூடப்பட்டவை.

இக்கலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்வரலாறு உண்டு. கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டியே எந்திரவியல் கற்றார். உலர் மின்கலத்தால் சுழலும் சிறு மோட்டார் பொருத்திய ‘ரசாந்த்’ சவரக்கருவி அவர் உருவாக்கியது. 1937ஆம் ஆண்டு டி. பாலசுந்தரத்துடன் இணைந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டில்தான், நூறாண்டுகளுக்கு முன்பு, தாமஸ் டேவன்போர்ட் என்னும் அமெரிக்கக் கொல்லர் மின்மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பட்டறையில் கைபழகியவர் இருவருமே!

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் உள்ள மோட்டார் பழுதுநீக்கும் பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் கருவிப் பெயர்களைத் தொகுத்து, அவற்றுள் ‘கடை’ என்னும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவற்றை எடுத்தெழுதுக.