உறை உலர்த்தி வாங்கலாமா?

விளைவித்த பொருளை வீணாகாமல் காப்பது, அதனை விளைவிப்பதற்கு எவ்வாற்றானும் குறைந்த தொழிலன்று. பல மாதம் பாடுபட்டு வளர்த்த தக்காளியைச் சந்தையில் கேட்பாரில்லாத வாரத்தில் சாலையோரத்தில் கொட்டிச் செல்லும் காட்சியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இந்த இழப்பைத் தடுக்க வழி கூறுவோர் யாராயினும், அவர் சொல்லைக் குடியானவர்கள் ஆவலுடன் கேட்பது இயல்பே.

அத்தகைய வழிகளுள் ஒன்றாக 'ஃப்ரீஸ் டிரையர்' என்னும் இயந்திரம் இந்நாளில் பேசப்படுகின்றது. பொருளை உறைய வைத்து, உறைந்த நிலையிலேயே உலர்த்துவதால் இதனை 'உறை உலர்த்தி' எனலாம். வீட்டிலேயே வைத்துக்கொள்ளத்தக்க சிறிய அளவிலும் இது கிடைக்கின்றது. கடன் பெற்றாவது இதனை வாங்கலாமா என்று எண்ணும் மகளிர் குழுக்களும் விவசாயக் குடும்பங்களும் உண்டு. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன், இவ்வியந்திரம் செய்யும் வேலை யாது, அதற்கு ஆகும் செலவு யாது என்பவற்றை நாம் அமைதியாக ஆராய்ந்து பார்ப்போம்.

இயந்திரம் செய்யும் வேலை

நீர் சாதாரணமாக மூன்று நிலைகளில் இருப்பதை அறிவோம். பனிக்கட்டி உருகி நீராகும். நீர் சூடேறி ஆவியாகும். ஆனால் சுற்றிலுமுள்ள காற்றின் அழுத்தத்தை, வழக்கமான அளவில் ஏறத்தாழ 165-இல் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துவிட்டால், பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகிவிடும். இந்த இயற்கை விதியே உறை உலர்த்தியின் அடிப்படையாகும்.

இயந்திரத்தின் அறையில் தட்டுகளில் பரப்பிய காய்கனிகள் முதலில் நன்றாக உறைய வைக்கப்படுகின்றன. பின்பு ஒரு பம்பு அறையிலுள்ள காற்றை இழுத்து வெளியேற்றுகின்றது. அடுத்து, தட்டுகளுக்குச் சிறிது சிறிதாக வெப்பம் ஊட்டப்படுகின்றது. பொருளிலுள்ள பனி ஆவியாகி வெளியேறி, அறையின் குளிர்ந்த சுவரில் மீண்டும் பனியாகப் படிகின்றது. இவ்வாறு உலர்ந்த பொருள் சுருங்குவதில்லை. நிறமும் மணமும் பெரும்பாலும் மாறுவதில்லை. வைட்டமின் 'சி' போன்ற சத்துகள் வெயிலில் உலர்த்துவதைக் காட்டிலும் மிகுதியாக நிலைக்கின்றன. நீரில் இட்டால் விரைவில் பழைய உருவை அடைகின்றது. இவை யாவும் உண்மையான நன்மைகளே.

இம்முறை வந்த வழி

இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு அன்று. தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மலைக் குடியானவர்கள் பல நூற்றாண்டுகளாக உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய விட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, பகல் வெயிலில் காயவைத்துச் 'சுன்யோ' என்னும் பண்டமாக்கிச் சேமித்து வருகின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது, காயமுற்ற வீரர்களுக்கு ஏற்ற வேண்டிய இரத்த நிணநீரைக் கெடாமல் கொண்டுசெல்ல இம்முறை இயந்திர வடிவில் பெரிய அளவில் கையாளப்பட்டது. 1965, 1966-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜெமினி விண்கலங்களில் சென்றோர் இவ்வாறு உலர்த்திய உணவை உண்டனர். நம் நாட்டிலும், மைசூரில் 1961-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் படைவீரர்களுக்கான உணவுகளை இம்முறையில் பதப்படுத்தும் ஆராய்ச்சியை மேற்கொண்டது.

மேற்கூறிய இயந்திரப் பயன்கள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரத்த நிணநீர், விண்வெளி உணவு, எல்லைக் காவலில் நிற்கும் வீரனின் உணவு ஆகியவற்றுக்குச் செலவு முதற்கேள்வி அன்று. எடை குறைவும் கெடாத்தன்மையுமே முதற்கேள்விகள். ஒரு குடும்பம் தன் பணத்தில் வாங்கும்போது செலவே முதற்கேள்வியாகின்றது.

அமெரிக்க வீடுகளில்

வீட்டளவிலான உறை உலர்த்தியைப் பரவலாக்கியது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஹார்வெஸ்ட் ரைட் என்னும் நிறுவனம். அளவுக்கேற்ப ஏறத்தாழ 2,000 முதல் 5,000 டாலர் வரை இவ்வகை இயந்திரங்களுக்கு விலை உண்டு. நடுத்தர இயந்திரம் ஒரு முறைக்கு 3 முதல் 6 கிலோ வரை பச்சைப் பொருளை ஏற்கும். உலர்ந்து முடிய 20 முதல் 40 மணி நேரம் ஆகும்.

அந்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது ஏற்புடையதாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் உண்டு. தோட்டம் கோடையில் சில மாதங்களே பலன் தரும்; பின்பு நீண்ட பனிக்காலம். புயல் போன்ற இடர்க்காலத்துக்கென ஓராண்டு உணவைச் சேமித்து வைக்கும் வழக்கம் யூட்டா போன்ற பகுதிகளில் வேரூன்றியது. கடையில் விற்கும் உறை உலர்ந்த உணவோ விலை மிகுந்தது. அந்த விலையோடு ஒப்பிட்டு, 'வீட்டில் செய்தால் மலிவு' என்று அவர்கள் கணக்கிடுகின்றனர். அக்கணக்கிலும், இடைவிடாமல் ஓட்டுபவருக்கே இயந்திரம் பயன் தருகின்றது. சில மாதங்களில் ஆர்வம் குறைந்து மூலையில் நிறுத்திவிட்டவருக்கு நட்டமே மிஞ்சும். நம் ஊர்களில் ஒப்பிட வேண்டியது டப்பா உணவின் விலையோடு அன்று. நம் மொட்டை மாடியில் காயும் வற்றலின் விலையோடு ஆகும்.

ஒரு முறை ஓட்ட ஆகும் செலவு

இனி ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். இதில் கூறும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு முறைக்கு 4 கிலோ தக்காளி. கிலோ 20 ரூபாய் எனில் 80 ரூபாய். இயந்திரம் சராசரி 1,000 வாட் வீதம் 30 மணி ஓடினால் 30 யூனிட் மின்சாரம்; யூனிட் 8 ரூபாய் எனில் 240 ரூபாய். வரி, போக்குவரத்து உட்பட இயந்திரத்தின் விலை 4 லட்சம் ரூபாய் என்றும், 10 ஆண்டு உழைக்கும் என்றும், ஆண்டுக்கு 100 முறை ஓடும் என்றும் கொண்டால், ஒரு முறைக்கு இயந்திரத் தேய்மானம் 400 ரூபாய். ஆக மொத்தம் 720 ரூபாய்.

தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு நீர். எனவே 4 கிலோவிலிருந்து கிடைப்பது சுமார் கால் கிலோ உலர்ந்த பொருள். கிலோவுக்கு அடக்க விலை 2,880 ரூபாய். கூலியும் உறையும் பம்புக்கு எண்ணெயும் இதில் சேரவில்லை. ஆண்டுக்கு 200 முறை ஓட்டினாலும், அதாவது ஆண்டின் 8,760 மணியில் 6,000 மணி ஓட்டினாலும், அடக்கம் 2,080 ரூபாய்க்குக் குறையாது.

கடன் வாங்கியிருந்தால் வட்டியும் சேரும். 4 லட்சத்துக்கு 10 விழுக்காடு வட்டி எனில் முதல் ஆண்டில் 40,000 ரூபாய். 100 முறை ஓட்டிக் கிடைப்பது 25 கிலோ தக்காளித் தூள். ஆகவே கிலோவுக்கு மேலும் 1,600 ரூபாய் வட்டிக்காகவே வர வேண்டும். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த குழுவாயின், தூள் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 3,300 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டும் கட்ட நேரும். கடன் முதல் அப்படியே நிற்கும்.

மின்சாரம் இவ்வளவு ஆவது ஏன் என்பதையும் அறிதல் நலம். 1 கிலோ பனிக்கட்டியை ஆவியாக்க இயற்கையில் தேவைப்படுவது சுமார் 0.8 யூனிட்டே. மேற்கூறிய தக்காளியின் நீருக்கு 3 யூனிட் போதும். ஆனால் குளிர்ப்பொறியும் காற்றிழுக்கும் பம்பும் 30 மணி நேரமும் ஓய்வின்றி ஓட வேண்டியிருப்பதால், செலவு பத்து மடங்காகின்றது.

விலை வீழ்ச்சிக்கு இது மருந்தாகுமா?

விவசாயிகள் கவனிக்க வேண்டிய தலையாய செய்தி இதுவேயாகும். சந்தையில் விலை வீழ்ந்து 1 டன் தக்காளி தேங்கிவிட்டது எனக் கொள்வோம். முறைக்கு 4 கிலோ வீதம் 250 முறை. முறைக்கு 30 மணி வீதம் 7,500 மணி. அதாவது இரவு பகல் ஓடினாலும் 312 நாட்கள். தக்காளியோ சில நாட்களுக்கு மேல் தாங்காது. எனவே வீட்டு உறை உலர்த்தி விளைச்சல் மிகுதிக்கு மருந்தாக மாட்டாது. இதனை அவ்வாறு கூறி விற்பவர் உண்டாயின், இந்தக் கணக்கை அவர் முன் வைப்போமாக.

எப்பொருளுக்கு ஏற்றது?

நீர் குறைவாகவும் விலை மிகுதியாகவும் உள்ள பொருளுக்கே இவ்வியந்திரம் பொருந்தும். பலாச்சுளையில் நூற்றுக்கு 27 பங்கு அளவில் நீரல்லாத பொருள் உண்டு. 4 கிலோ சுளையிலிருந்து 1 கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். சுளை கிலோ 60 ரூபாய் எனினும், மின்சாரமும் தேய்மானமும் சேர்த்து அடக்கம் கிலோ 800 முதல் 900 ரூபாய்க்குள் அமையும். இனிப்பு மிகுந்த கனி உலரச் சிறிது கூடுதல் நேரம் ஆகலாம். எனினும் தக்காளிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை தெளிவு. கேரளத்தில் பச்சை மிளகை நிறம் மாறாமல் இம்முறையில் உலர்த்தி ஏற்றுமதி செய்வதும் இக்காரணம் பற்றியே. ஆனால் அவை பெரிய ஆலைகள். வாங்குவோரை முன்னதாக அமைத்துக்கொண்டவை.

மனத்திற்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

முதலாவது, உறைய வைத்து உலர்த்துதல் நோய்க் கிருமிகளைக் கொல்வதில்லை. ஆராய்ச்சிச் சாலைகளில் கிருமிகளை உயிரோடு சேமித்து வைப்பதே இம்முறையில்தான். ஆகவே இறைச்சி, முட்டை முதலியவற்றை உண்ணுமுன் நன்றாகச் சமைத்தே தீர வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய்ப்பசை மிகுந்த பண்டங்கள் சிக்குவாடை அடையும். தேன், பழப்பாகு போன்றவை சரிவர உலரா.

மூன்றாவது, உலர்ந்த பொருள் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சும். கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவு. காற்றும் ஒளியும் புகாத உறையில் உடனே அடைக்க வேண்டும். இருபது ஆண்டுக்கு மேல் கெடாது என்னும் விளம்பரம், அத்தகைய உறையையும் குளிர்ந்த இடத்தையும் பொறுத்தது.

நான்காவது, ஓட்டத்தின் நடுவே நெடுநேரம் மின்சாரம் நின்றால் உறைந்த பொருள் உருகிக் கெடக்கூடும். வெப்பம் மிகுந்த அறையில் குளிர்ப்பொறி திணறும். அமெரிக்க வீடுகளின் மின்னழுத்தம் 120 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். நமது மின்சாரத்துக்கென அமைந்த இயந்திரமா, பழுதானால் பார்ப்பவர் மாவட்டத்துக்குள் உண்டா என்று கேட்டறிய வேண்டும்.

வெயில் என்னும் செல்வம்

நம் மாநிலத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நாளொன்றுக்குச் சராசரி 5 யூனிட் அளவு வெயில் விழுகின்றது. 10 சதுர மீட்டர் சூரியக் கூடார உலர்த்தியில் விழும் 50 யூனிட்டில் ஐந்திலொரு பங்கே பயன்பட்டாலும், நாளுக்கு 14 கிலோ நீரை ஆவியாக்கலாம். 100 சதுர மீட்டர் கூடாரமாயின், 1 டன் தக்காளியை வெயிலுள்ள ஏழெட்டு நாட்களில் உலர்த்தலாம். தூசியும் ஈயும் அண்டா. எரிபொருள் செலவும் இல்லை. நிறமும் சத்தும் ஓரளவு குறையும் என்பது மெய். மழைநாளில் வேலை நடவாது என்பதும் மெய். ஆயினும் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர்மிளகாய் ஆகியவற்றை வற்றலாக்கி ஆண்டு முழுதும் உண்ட நம் மக்களுக்கு இது கைவந்த கலை; அதனைச் சுத்தமாகவும் பெரிதாகவும் செய்வதே இன்று வேண்டியது. சூரிய உலர்த்திகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கி வந்துள்ளது. நடப்பு விவரத்தை வட்டார அலுவலகத்தில் கேட்டறியலாம்.

முடிவு செய்யுமுன்

கிராம சபையிலோ குழுக் கூட்டத்திலோ இவ்வியந்திரம் பற்றிய பேச்சு எழுந்தால், பஞ்சாயத்து உறுப்பினர்கள் பின்வரும் வினாக்களைக் கேட்பது நலம்:

1. உலர்த்தப்போகும் பொருள் எது? அதில் நீர் எத்தனை பங்கு?

2. ஆண்டில் எத்தனை நாள் அப்பொருள் நம் ஊரில் கிடைக்கும்?

3. உலர்ந்த பொருளை, அடக்க விலைக்கு மேல் கொடுத்து வாங்குபவர் யார்? அவர் எழுத்தில் உறுதி அளித்துள்ளாரா?

4. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெற ஏற்பாடு உண்டா?

5. முதல் ஆண்டில் ஒன்றும் விற்காவிடினும் தவணை கட்ட இயலுமா?

இவ்வைந்துக்கும் தெளிவான விடை கிடைத்தால் தயக்கமின்றி முன்செல்லலாம். ஒன்றுக்கேனும் விடை இல்லையாயின், இயந்திரத்தை வாங்குவதற்கு முன் பொருளைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. அங்கே பயிற்சியும் புதிய தொழில் தொடங்குவோர்க்கான வசதியும் உண்டு. மாதிரிப் பொருளைச் சிறிதளவு உலர்த்தித் தர இயலுமா என்று கேட்டு, அதனைச் சந்தையில் காட்டி, விலை பேசிய பின்னரே கடனைப் பற்றி எண்ணுவது அறிவுடைமை.

இயந்திரங்களை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அவற்றின் புதுமை கண்டு மயங்கவும் வேண்டியதில்லை. உறை உலர்த்தி நல்ல கருவியே. ஆனால் வாங்குபவரை முன்பே தேடிக்கொண்டு, நீர் குறைந்த விலையுயர்ந்த பொருளை ஆண்டு முழுதும் உலர்த்துபவருக்கே அது நல்ல கருவி. ஏனையோருக்கு, கூரை மீது விழும் வெயிலை முறையாகப் பயன்படுத்துவதே முதற்படியாகும். பென்சிலும் தாளும் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் போடும் கணக்கு, பல குடும்பங்களைப் பத்தாண்டுக் கடனிலிருந்து காக்கும் என்பதை நமது உறுப்பினர்கள் மறவாதிருப்பார்களாக.